பத்து சென்டிமீட்டர்

ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று:
பனி பத்து சென்டிமீட்டர் உயர்ந்தபின்
இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி புறப்படும்.
பத்து எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.
கீழே சமவெளியில் வேறொரு நகராட்சியின் தாள் அது.
ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினேன்.
அன்று வெள்ளிக்கிழமை, மணி நாலரை.

முன்பு எங்களுக்கே இரண்டு வண்டிகள் இருந்தன.
ஒன்று ஓடாது. மற்றது
ஓடாததிடம் உதிரிபாகம் கடன் வாங்கி ஓடும்.
உப்பு மூட்டை கணக்கில் நூறு, கிடங்கில் அறுபது.
மீதி நாற்பதும் எந்த ஹோட்டல் வாசலில் கரைந்தன என்பது
ரோடோப் மலை முழுக்கத் தெரியும்.
ஆகவே புலம்ப எனக்கு உரிமையில்லை.
கம்பெனி வந்த முதல் குளிர்காலத்தில்
பள்ளிக்கூடம் ஒருநாளும் மூடவில்லை.
ஆரஞ்சு வண்டி எங்கே நிற்கிறது என்பது
என் திரையில் புள்ளியாகத் தெரிந்தது.
பழைய ஓட்டுநர் ரங்கேலுக்குப் புதுக் கையுறை,
ஒன்றாம் தேதியே சம்பளம்.

பிப்ரவரி. விடியாத நாலு மணி.
தொலைபேசியில் தஃபின்கா.
செவ்வாய், வியாழன், சனி
ஆஸ்பத்திரி இயந்திரம் அவள் ரத்தத்தைக் கழுவித் தரும்.
நாற்பது கிலோமீட்டர்.
டாக்ஸிக்காரன் மேட்டில் ஏற மாட்டேன் என்கிறானாம்.
இன்று வியாழன்.
அழவில்லை. என்னை எழுப்பியதற்கு
மன்னிப்புக் கேட்டாள்.

புள்ளி அசையாமல் நின்றது.
கம்பெனி எண்ணில் ஒரு பையன்,
சோஃபியாவில் ஏதோ கதகதப்பான அறையில்:
"உங்கள் பகுதிக் கருவி ஒன்பது காட்டுகிறது, மேடம்.
பத்தானதும் தானாகவே கிளம்பும்.
இல்லையென்றால் நகராட்சி சார்பில் ஒருவர்
அளந்து படம் அனுப்பலாம்."
நல்ல பையன்.
நான் எழுதிய வாக்கியத்தை எனக்கே
பொறுமையாகப் படித்துக் காட்டினான்.

இரவு உடைமேல் கோட்டு,
கையில் மகனின் பள்ளி அடிக்கோல்.
சாலை நடுவே குத்தினேன்: ஒன்பது.
பேருந்து நிறுத்தத்தில்: ஒன்பது.
தேவாலய வாசலில் எட்டரை,
அங்கேயும் தாராளம் இல்லை.
பிறகு நூலகத்தின் வடக்குச் சுவரோரம்,
காற்று கொண்டுவந்து கொட்டிய இடத்தில்:
பதினாலு.

எங்கே அளக்க வேண்டும் என்று பிரிவு ஏழு சொல்லவில்லை.
சொல்லாமல் விட்டவளும் நான்தான்.

சுவர் தெரியாமல் படம் எடுத்தேன்.
கை நடுங்கியது குளிரால் மட்டும் என்று
இங்கே எழுத மாட்டேன்.

புள்ளி அசைந்தது.

ரங்கேல் கண்ணாடியை இறக்கிச் சாலையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"பதினாலா?"
"பதினாலு."
"இவ்வளவு ஒல்லியான பதினாலை
இருபத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை" என்று
கலப்பையை இறக்கினான்.
தார் தேயும் சத்தம்.
அதன் பின்னால் டாக்ஸி,
பின்னிருக்கையில் கம்பளிக்குள் ஒரு கை
அசைந்த மாதிரி இருந்தது.

ஏப்ரலில் ரசீதோடு ஒரு கேள்வியும் வந்தது.
கருவி ஒன்பது, படம் பதினாலு:
விளக்கம் தேவை.
தொகை, நூலகத்தின் இரண்டு மாத விறகு.
"உள்ளூர் வேறுபாடு" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
கேட்டவர்கள் கேட்டதில் தப்பில்லை.
முன்பு உப்பைப் பற்றி இப்படி ஒருவர் கேட்டிருந்தால்
வண்டியை விற்றிருக்கவே மாட்டோம்.

இப்போது ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம்.
கம்பெனி வக்கீல் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்:
சமதளத்தில், சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி.
நியாயமான வரி. சேர்த்துவிட்டேன்.
அவசர நோயாளி என்று நானும் ஒரு வரி சேர்த்தேன்.
"அவசரம் என்றால் எவ்வளவு?" என்று
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார்கள்.

எண்ணுக்கான இடம் இன்னும் காலி.
எட்டு என்றால் விறகு குறையும்.
பத்து என்றால்
எந்தக் கிழமை என்று பார்க்க வேண்டும்.
வெள்ளிக்கிழமை, மணி நாலரை.
எல்லாரும் போய்விட்டார்கள்.
மகன் அடிக்கோலைத் திருப்பிக் கேட்கிறான்,
புதிது வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.